அத்தியாயம் 7: வேம்பு வைப்பதா, நிலவேம்பு வைப்பதா?

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் கிடைத்ததும் இரண்டு ஆசைகள் வரும். வெயில் காலத்தில் கட்டில் போட்டுப் படுக்க ஒரு மரம் வேண்டும். காய்ச்சல் காலத்துக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு மருந்துச்செடியும் வேண்டும். நம் ஊரில் முதல் ஆசைக்கு நினைவுக்கு வருவது வேம்பு. இரண்டாவதற்கு, டெங்கு பரவிய ஆண்டுகளுக்குப் பிறகு எல்லோர் வாயிலும் வருவது நிலவேம்பு.

இரண்டின் பெயரிலும் வேம்பு இருக்கிறது, இரண்டும் கசக்கின்றன. உறவு நாக்கோடு சரி. வேம்பு மலைவேம்பு, மகோகனி குடும்பத்தைச் சேர்ந்த மரம். நிலவேம்பு ஆடாதோடை, கனகாம்பரம் குடும்பத்தைச் சேர்ந்த சின்னச் செடி. ஒன்றுக்குச் சொன்ன வேலை மற்றதற்குப் பொருந்தாது.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விஷயத்தை மனதில் வையுங்கள். வேம்பில் தவறு நடப்பது குழி தோண்டும் இடத்தில். நிலவேம்பில் தவறு நடப்பது குடிக்கும் டம்ளரில். ஆகவே மரத்துக்கு நடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்; செடிக்கு அறுத்த பிறகுதான் அதிகக் கவனம் வேண்டும்.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

உயரம்: வேம்பு 40 முதல் 60 அடி வரை வளரும். நிலவேம்பு 1 அடியிலிருந்து 3 அடி வரை.

ஆயுள்: வேம்பு உங்கள் பேரப்பிள்ளைகளையும் பார்க்கும். நிலவேம்பை ஓராண்டுப் பயிராகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

பலன் தொடங்கும் காலம்: வேம்பின் அடியில் ஒரு கட்டில் போடும் அளவு நிழல் விழ நான்கைந்து ஆண்டுகள் ஆகும். நிலவேம்பு நாற்று நட்டதிலிருந்து மூன்று, நான்கு மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடும்.

இடம்: வளர்ந்த வேம்புக்குக் குறைந்தது 30 அடி அகலம். நிலவேம்புக்கு 12 அங்குலத் தொட்டி போதும்.

வெயில்: வேம்புக்கு நாள் முழுவதும். நிலவேம்புக்குக் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் இருந்தால் நம் கோடைக்கு நல்லது.

தண்ணீர்: வேம்புக்கு முதல் இரண்டு கோடை வரை மட்டும். நிலவேம்புக்கு மழையில்லாத நாட்களில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை.

விதை: வேப்பம் விதையைப் புதிதாகவே விதைக்க வேண்டும்; சில வாரங்களில் உயிர் போய்விடும். நிலவேம்பு விதை நேர்மாறு. புதிய விதை உறங்கும். ஐந்தாறு மாதம் கழித்துத்தான் ஒழுங்காக முளைக்கும்.

தவறைத் திருத்த: வேம்பு என்றால் பத்து வருடம் கழித்து மரம் வெட்டுபவரைக் கூப்பிட வேண்டும். நிலவேம்பு என்றால் பிடுங்கி அடுத்த பாத்தியில் நடலாம்.

## குழி தோண்டும் முன் மூன்று சோதனைகள்

இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நாற்றங்காலுக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

### சோதனை 1: கயிறு

1. மரம் வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு முளைக்குச்சி அடியுங்கள்.
2. அதில் 15 அடி நீளக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நடங்கள். வளர்ந்த மரத்தின் தலை ஏறக்குறைய இந்த வட்டத்தை நிரப்பும். ஏறத்தாழ 700 சதுர அடி.
3. கயிறு வீட்டுச் சுவர், செப்டிக் டேங்க், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, போர்வெல் எதையாவது தொட்டால் அந்த இடம் வேம்புக்கு ஆகாது. முளையை நகர்த்தி மறுபடி நடங்கள்.
4. நடக்கும்போது அண்ணாந்தும் பாருங்கள். வட்டத்துக்கு மேலே மின்கம்பி போனால் அதுவும் ஆகாது.
5. காம்பவுண்டு சுவருக்கு 8 அடியாவது விடுங்கள். கிளை பக்கத்து மனைக்குள் போகும் என்றால் இன்றைக்கே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சருகு கொட்ட ஆரம்பித்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

அரை கிரவுண்டு மனையில், அதாவது 1,200 சதுர அடியில், வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேற மாட்டார்கள். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. வேம்பை விட்டுவிட்டுப் பவளமல்லி, மாதுளை போன்ற சிறிய மரம் ஒன்றும் நிலவேம்புப் பாத்தி ஒன்றும் வையுங்கள்.

### சோதனை 2: தண்ணீர்

1. அதே இடத்தில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி எடுங்கள்.
2. தண்ணீர் ஊற்றி நிரப்பி, வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள்.
3. இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீர் சில மணி நேரத்தில் வடிந்தால் நல்ல மண். மறுநாள் காலையிலும் நின்றால் வேர் அழுகும் மண்.

வேம்பு வறட்சியைத் தாங்கும். தேங்கிய தண்ணீரைத் தாங்காது. களிமண்ணில் வைத்தே ஆக வேண்டும் என்றால் சுற்றுத் தரையைவிட ஓரடி உயரமாக மேடு கட்டி அதில் நடுங்கள். நிலவேம்புக்கும் இதே விதிதான். அதற்கு அரையடி உயரப் பாத்தி போதும்.

### சோதனை 3: வெயில்

நிழலுக்காக மரம் வைப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, நண்பகல் வெயிலைப் பார்த்து இடம் குறிப்பது. தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் தலைக்கு நேராகவோ சற்று வடக்கே தள்ளியோதான் நிற்கிறது. அந்த வெயிலைத் தாங்குவது மொட்டைமாடி. ராத்திரி பத்து மணிக்கும் அறையைக் கொதிக்க வைப்பது மேற்குச் சுவரில் பிற்பகல் அடித்த வெயில்.

1. பிற்பகல் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் எந்தச் சுவரில் வெயில் விழுகிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் குறியுங்கள்.
2. அந்தச் சுவருக்கு எதிரே, 15 அடிக்குக் குறையாத தூரத்தில் வேம்புக்கு இடம் பாருங்கள். பெரும்பாலும் அது மேற்கு அல்லது வடமேற்கு மூலையாக இருக்கும்.
3. காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்தை நிலவேம்புக்கு ஒதுக்குங்கள்.

குறிப்பு: மாடியில் சோலார் தகடு இருந்தால், அல்லது வைக்கும் எண்ணம் இருந்தால், மரத்தின் நிழல் அதன்மேல் ஏறுமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

## வேம்பு: கன்றிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை

### கன்று வாங்கும்போது

நாற்றங்காலில் வேம்பு கேட்டால் சில இடங்களில் மலைவேம்பை எடுத்துக் கொடுப்பார்கள். மலைவேம்பு தீக்குச்சிக்கும் ஒட்டுப்பலகைக்கும் வளர்க்கிற மரம். வீட்டு நிழலுக்கு வைப்பதல்ல. இலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் ரம்பப் பல் விளிம்புள்ள சிற்றிலைகள் நேராக வரிசைகட்டி நிற்கும். சிற்றிலை அரிவாள் போலச் சற்று வளைந்திருக்கும். மலைவேம்பில் காம்பிலிருந்து கிளைக்காம்பு பிரிந்து, அதில்தான் சிற்றிலைகள் இருக்கும்.

பிறகு பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். வேர் பையைக் கிழித்து வெளியே ஓடியிருந்தாலோ, உள்ளே வட்டமாகச் சுருண்டிருந்தாலோ வாங்காதீர்கள். உயரமான கன்றே நல்ல கன்று என்று நினைக்க வேண்டாம். 2 முதல் 3 அடி உயரமும் விரல் தடிமனும் உள்ள கன்று, சின்னப் பையில் நிற்கும் 6 அடிக் கன்றைச் சில ஆண்டுகளில் முந்திவிடும்.

### விதையிலிருந்து வளர்க்க

1. ஆனி, ஆடியில் மரத்தடியில் விழும் மஞ்சள் பழங்களைப் பொறுக்குங்கள்.
2. மணலில் தேய்த்துச் சதையை நீக்கி, கழுவி, நிழலில் மூன்று நாள் உலர்த்துங்கள்.
3. இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள். விதையைப் படுக்கவைத்து, அரை அங்குல மண் மூடினால் போதும்.
4. ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைக்கும்.

குறிப்பு: காக்கை உட்காரும் வேலியோரம் மழைக்காலத்தில் தானாக முளைத்த வேப்பங்கன்று இருக்கும். ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும்போதே, ஆணிவேர் அறுபடாமல் மண்ணோடு பெயர்த்து எடுத்தால் பிழைக்கும்.

### நடும் வரிசை

1. நடுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி எடுத்து ஆறவிடுங்கள். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாகக் குவியுங்கள்.
2. மேல்மண்ணோடு இரண்டு சட்டி மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து குழியில் பாதி நிரப்புங்கள். மக்காத சாணி வேண்டாம். அது சூடேறி வேரைக் கருக்கும்.
3. கன்றுக்கு முந்தின நாளே தண்ணீர் விடுங்கள். பிளாஸ்டிக் பையைப் பிளேடால் கீறி முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பையோடு நட்டால் வேர் வெளியே வர வழியில்லை.
4. பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, தரையிலும் அதே மட்டம் இருக்கட்டும். தண்டை ஆழமாகப் புதைக்காதீர்கள்.
5. மீதி மண்ணைப் போட்டுக் காலால் மெதுவாக மிதித்து அமர்த்துங்கள்.
6. இருபுறமும் இரண்டு குச்சி ஊன்றி, பழைய துணி அல்லது தேங்காய்நார்க் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கட்டுக்கம்பி கூடாது.
7. தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாக வரப்பு கட்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.
8. சருகு அல்லது வைக்கோலால் மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில் புரட்டாசியில் நடுவது நல்லது. தென்மேற்கு மழை எட்டும் கன்னியாகுமரி, தென்காசி, கோவைப் பக்கங்களில் ஆடியிலேயே நடலாம்.

### அதற்குப் பிறகு

முதல் மாதம் மழை இல்லாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். பிறகு வாரம் இருமுறை. முதல் கோடையிலும் இரண்டாம் கோடையிலும் வாரம் ஒருமுறை நிறைய ஊற்றுங்கள். தினமும் ஒரு சொம்பு தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், ஆழத்துக்கு இறங்காது.

வேப்பிலை நமக்குத்தான் கசப்பு, ஆட்டுக்கு விருந்து. தெருவில் ஆடு திரியும் ஊர் என்றால் முள்படல் இல்லாமல் கன்று தப்பாது.

இரண்டாம் ஆண்டிலிருந்து கீழ்க்கிளைகளை வருடத்துக்குக் கொஞ்சமாக நீக்கி, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குத் தலையை உயர்த்துங்கள். ஒரே வருடத்தில் மொட்டையடிக்காதீர்கள். இலைதான் அதற்குச் சாப்பாடு போடுகிறது. உச்சிக்கொழுந்தை வெட்டவே வேண்டாம். வெட்டினால் அந்த இடத்தில் பல கிளைகள் பலவீனமாகக் கிளம்பி, பெரிதானபின் காற்றில் பிளந்துவிடும்.

### நுனி கருகினால் பயப்படலாமா?

அண்மை ஆண்டுகளில், மழைக்காலம் முடிந்ததும் வேப்பமரங்களின் கிளைநுனிகள் தீயில் வாட்டியதுபோலக் கருகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொசு எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சியும் நுனிக்கருகல் பூஞ்சாணமும் இதற்குக் காரணங்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும், வளர்ந்த மரம் பெரும்பாலும் கோடையில் மறுபடி துளிர்த்துவிடும். அவசரப்பட்டு மரத்தை வெட்டாதீர்கள். இளங்கன்றில் மட்டும், காய்ந்த நுனியைப் பச்சை தெரியும் இடத்துக்கு நான்கு விரல் கீழே சேர்த்து வெட்டி அப்புறப்படுத்துங்கள். மாசி, பங்குனியில் பழைய இலை கொட்டுவது நோயல்ல. கோடை உச்சத்தில் புது இலையோடு நிற்பதற்காக மரம் செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

### வேம்பில் வழக்கமான தவறுகள்

* தண்டைச் சுற்றி சிமென்ட் பூசுவது. வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மரத்தை ஒட்டித் தளம் போட்டுவிடுவோம். வேர் அகலப் பரவ முடியாமல் போகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேர் பரவ மண் விடாத மரம் அடுத்த புயலில் உங்கள் கூரைமேல் சாயலாம். நான்கு பக்கமும் 3 அடியாவது மண்ணாக விடுங்கள்.
* கட்டிய கயிற்றை மறப்பது. தண்டு பருத்ததும் கயிறு தோலுக்குள் இறங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளர்த்துங்கள்; ஒன்றரை வருடத்தில் குச்சியையே எடுத்துவிடுங்கள்.
* ஆணி அடித்துக் கொடிக்கயிறு கட்டுவது. காயத்தின் வழியே பூஞ்சாணம் நுழையும்.
* சருகை எரிப்பது. புகை நுரையீரலுக்குக் கேடு. மூலையில் குவித்து மக்கவிட்டால் அடுத்த ஆண்டு நிலவேம்புப் பாத்திக்கு உரம்.

## நிலவேம்பு: விதையிலிருந்து டப்பா வரை

### சரியான செடிதானா?

நாற்றங்காலில் இதைச் சிறியாநங்கை என்றும் சொல்லுவார்கள். வாங்கும்போது நான்கு அடையாளங்கள் பாருங்கள்: தண்டு நாற்பட்டையாக இருக்கும், இலைகள் எதிரெதிராக, ஈட்டி வடிவில் இருக்கும், கசக்கினால் துளசி போல வாசனை எதுவும் வராது, பூ சிறியதாக, வெள்ளையில் ஊதாக் கீற்றோடு, இரண்டு உதடு விரித்ததுபோல இருக்கும். பெயர் தெரியாத செடியை வாயில் போட்டுக் கசப்பு பார்த்து முடிவு செய்யாதீர்கள். கசக்கும் செடி எல்லாம் நிலவேம்பு ஆகாது, அதில் நஞ்சுள்ளதும் இருக்கலாம்.

### விதைப்பு

முதல்முறை நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் வெடித்த காயிலிருந்து எடுத்த புது விதை. ஆசையாகத் தட்டில் தூவினேன். ஒரு மாதம் தண்ணீர் தெளித்தும் ஒன்றும் வரவில்லை. விதை சொத்தை என்று தட்டை வேலியோரம் கவிழ்த்துவிட்டேன். அடுத்த மழையில் அந்த இடம் முழுக்க நாற்று. விதை உறங்கிக்கொண்டு இருந்திருக்கிறது; அவசரம் என்னுடையது.

1. ஐந்தாறு மாதம் பழைய விதை எடுங்கள். கடுகைவிடச் சிறியது, தோல் கடினம். கொஞ்சம் மணலோடு சேர்த்து உள்ளங்கையில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள்.
2. செம்மண், மணல், மக்கிய உரம் சம அளவு கலந்து தட்டில் நிரப்புங்கள்.
3. விதையை மணலோடு கலந்து தூவி, மெல்லிசாக மண் தூவுங்கள். ஆழம் போனால் வராது.
4. வைக்கோல் மூடி, பூவாளியால் தெளியுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.
5. ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளை தெரியும். தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிடுங்கள்.
6. 35 முதல் 45 நாளில், நான்கைந்து அங்குல உயரம் வந்ததும், மாலை நேரத்தில் பிடுங்கி நடுங்கள். செடிக்குச் செடி ஓரடி. 3 அடிக்கு 6 அடிப் பாத்தியில் 18 செடி பிடிக்கும். தொட்டி என்றால் 12 அங்குலத் தொட்டிக்கு ஒன்று.
7. முதல் வாரம் மட்டும் நிழல் கொடுங்கள். ஓலைக்கீற்று போதும்.

குறிப்பு: இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இந்தப் பாத்திக்கு வேண்டவே வேண்டாம். இலையைத்தான் உள்ளுக்குச் சாப்பிடப் போகிறீர்கள். சாக்கடை ஓரம், வண்டி நிறுத்தும் இடம், நாய் பூனை புழங்கும் மூலை ஆகியவற்றையும் தவிருங்கள்.

### அறுவடைக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

ஆடியில் நாற்று நட்டால் அறுவடை ஐப்பசியில் வரும். அடைமழையில் அறுத்த இலை காயாது, பூஞ்சாணம் பிடிக்கும். ஆகவே அறுவடை புரட்டாசிக்குள் முடிகிற மாதிரி பின்னோக்கிக் கணக்கிடுங்கள். சித்திரை நடுவில் விதைப்பு, வைகாசிக் கடைசியில் நடவு, புரட்டாசியில் அறுவடை. கோடையில் தொடங்குவதால் தண்ணீர் மட்டும் விடாமல் பார்க்க வேண்டும்.

1. பூமொட்டு கட்டத் தொடங்கியதும் அறுங்கள். நன்றாகப் பூத்துக் காய்த்தபின் இலை கொட்டிவிடும், கசப்பும் குறையும்.
2. வெயில் ஏறும் முன், பனி காய்ந்தபின், தரையிலிருந்து நான்கைந்து அங்குலம் விட்டு வெட்டுங்கள். அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். இரண்டு மாதத்தில் இன்னொரு அறுவடை கிடைக்கலாம்.
3. நல்ல தண்ணீரில் அலசி, உதறி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். நேர்வெயில் கூடாது. தினமும் புரட்டிவிடுங்கள்.
4. நான்கு முதல் ஏழு நாளில் இலை பச்சை மங்காமல், கையில் எடுத்தால் நொறுங்கும். தண்டு மடங்காமல் ஒடிய வேண்டும். மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது.
5. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, செடியின் பெயரையும் அறுத்த தேதியையும் ஒட்டுங்கள். ஓராண்டுக்குமேல் வைக்க வேண்டாம். பூஞ்சை வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.
6. இரண்டு செடியை மட்டும் விதைக்கு விடுங்கள். காய் பழுப்பேறும்போது காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் வெடித்துச் சிதறி, அடுத்த மழையில் தோட்டம் எங்கும் முளைக்கும்.

### நிலவேம்பில் வழக்கமான தவறுகள்

* தினமும் தண்ணீர் ஊற்றுவது. மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று விரல் நுழைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.
* முழு நிழலில் வைப்பது. செடி நெட்டையாக வளரும், இலை குறையும்.
* பாம்பு வராது என்று நம்பி வேலியோரம் நடுவது. சிறியாநங்கை இருந்தால் பாம்பு அண்டாது என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. அதை நம்பிக் காலைப் புதருக்குள் விடாதீர்கள். பாம்பைத் தள்ளி வைப்பது குப்பை, செங்கல் குவியல், எலி ஆகியவை இல்லாத முற்றம்தான். கடித்தால் இலையை அரைத்துக் கொடுத்து நேரம் கடத்தாமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

## பாதுகாப்பு: கட்டாயம் படிக்க வேண்டிய பக்கம்

வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கூடாது. கைக்குழந்தைக்குச் சளி என்று சில துளி வாயில் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு வந்ததும், உயிர் போனதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். தோட்டத்துக்கு வாங்கிய வேப்பெண்ணெயைச் சமையலறையில் வைக்காதீர்கள். செடிக்குத் தெளிக்க லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசலோடு போதும்.

வீட்டு நிலவேம்பு, நிலவேம்புக் குடிநீர் ஆகாது. அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவில் தருவது ஒன்பது சரக்குகள் சேர்ந்த மருந்து. நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் எல்லாம் அதில் உண்டு. உங்கள் பாத்தியில் விளைவது அந்த ஒன்பதில் ஒன்று. அதை எவ்வளவு, எத்தனை நாள் எடுப்பது என்பதைத் தகுதிபெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

நிலவேம்பை யார் தவிர்க்க வேண்டும்? கர்ப்பிணிகள், குழந்தைக்கு முயல்பவர்கள், பாலூட்டும் தாய்மார், கைக்குழந்தைகள். சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கும், ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை எடுப்பவர்கள் தம் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. குடித்தபின் உடல் தடித்து அரித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் கஷாயத்தோடு காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இருந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் ஆபத்து தொடங்குவதும் உண்டு.

உயரமும் மின்கம்பியும். ஏணிபோட்டு எட்டாத கிளையை நீங்களே வெட்டாதீர்கள். கம்பியைத் தொடும் கிளைக்கு மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, இணைப்பைத் துண்டித்த பிறகே வேலை நடக்க வேண்டும். வாசலுக்கு வெளியே தெருவோரம் நிற்கும் மரத்தில் கை வைக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டும், நட்டது நீங்களாகவே இருந்தாலும்.

தொட்டித் தட்டில் தண்ணீர். டெங்குவுக்கு மருந்துச்செடி வளர்க்கிறோம் என்று தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துக் கொசுவையும் வளர்க்காதீர்கள். தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டுங்கள். அல்லது தட்டே வேண்டாம்.

## இரண்டும் வேண்டும் என்றால்

கயிற்றுச் சோதனையில் தேறியவர்கள் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வேண்டியதில்லை.

1. முதல் மூன்று ஆண்டுகள்: வேப்பங்கன்றின் நிழல் ஒரு குடை அளவுதான். கன்றிலிருந்து 4 அடி தள்ளிக் கிழக்குப் பக்கம் நிலவேம்புப் பாத்தி போடுங்கள். பாத்திக்கு ஊற்றும் தண்ணீரில் கன்றுக்கும் பங்கு போகும்.
2. நான்காம் ஆண்டு முதல்: பாத்தியை நிழலின் கிழக்கு விளிம்புக்கு நகர்த்துங்கள். காலை வெயில் செடிக்குக் கிடைக்கும். பிற்பகல் வெயிலை மரம் மறைக்கும்.
3. எட்டு, பத்து ஆண்டுகளில்: நிழல் அடர்ந்துவிடும். இனி மரத்தடியில் மண்ணைக் கொத்த வேண்டாம். ஊட்டவேர்கள் மேலாகவே ஓடும். நிலவேம்பைத் தொட்டிக்கு மாற்றி, வெயில் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

குறிப்பு: மரத்துக்கு வேப்பெண்ணெயோ வேறு எதுவோ தெளித்த வாரத்தில் கீழே இருக்கும் பாத்தியை அறுக்காதீர்கள்.

## மாதக் கணக்கு

* சித்திரை: நிலவேம்பு விதைப்பு. வேப்பங்கன்றுக்கு வாரம் ஒருமுறை நிறைய தண்ணீர்.
* வைகாசிக் கடைசி: நிலவேம்பு நடவு.
* ஆனி, ஆடி: வேப்பம்பழம் பொறுக்கி உடனே விதைப்பு. தென்மேற்கு மழை எட்டும் பக்கங்களில் கன்று நடவு.
* ஆவணி: வேம்புக்குக் குழி எடுத்து ஆறவிடுதல்.
* புரட்டாசி: நிலவேம்பு அறுவடை. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில் வேப்பங்கன்று நடவு. பெரிய மரத்தில் காய்ந்த, பிளந்த கிளைகளைப் புயல் காலத்துக்கு முன் ஆள்வைத்து நீக்குதல்.
* ஐப்பசி, கார்த்திகை: தண்ணீர் தேங்காமல் வடிகால் பார்ப்பது மட்டும்.
* தை, மாசி: கயிற்றைத் தளர்த்துதல். மரத்தில் நுனிக்கருகல் இருக்கிறதா என்று பார்த்தல். நிலவேம்பு விதை சேர்த்தல்.
* பங்குனி: சருகு கூட்டி உரக்குழியில் சேர்த்தல். வளர்ந்த மரமாக இருந்தால் துணி விரித்து வேப்பம்பூ சேர்த்தல். வருடப் பிறப்புப் பச்சடிக்கு ஆகும்.

தை, மாசியில் சேர்க்கும் நிலவேம்பு விதையை அடுத்த மாதமே தூவிவிடாதீர்கள். சேர்த்த தேதியை உறைமேல் எழுதி வையுங்கள். ஐந்து மாதம் ஆகாதது அடுத்த சித்திரைக்கு. இந்தச் சித்திரைக்குப் போன வருடத்து உறையைத் திறங்கள். முதல் வருடம் மட்டும் உங்களிடம் அந்த உறை இருக்காது; அப்போது நாற்றங்காலில் இரண்டு செடி வாங்கி வந்து கணக்கைத் தொடங்குங்கள். அதற்கு முன், 15 அடிக் கயிறு ஒன்றும் முளைக்குச்சி ஒன்றும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.